திப்ஹிரீன் மடாலயமும் அதன் அண்டை வீட்டாரும்

திருமறையின் ஐந்தாம் அத்தியாயமான ஸூரத்துல் மாயிதாவின் 82ஆம் வசனத்தில், ஈமான் கொண்டோருக்கு நேசத்தால் நெருக்கமானவர்கள் என்று நஸாராக்களை, அதாவது கிறித்தவர்களை, அல்லாஹ் குறிப்பிடுகின்றான். அவர்களிடையே கற்றறிந்த குருமார்களும் துறவிகளும் இருப்பதும், அவர்கள் பெருமை கொள்ளாதிருப்பதும் அதற்குக் காரணமாகச் சொல்லப்படுகின்றன. இவ்வசனத்துக்கு விளக்கம் கூறும்போது நாம் வழமையாக அபிசீனிய மன்னர் நஜ்ஜாஷியின் வரலாற்றைச் சொல்லி நிறுத்திக்கொள்கின்றோம். ஆனால் நஜ்ஜாஷி மன்னர் இஸ்லாத்தை ஏற்று மரணித்தவர். பெருமானார் (ஸல்) அவர்கள் மதீனாவிலிருந்தவாறே அவருக்கு ஜனாஸாத் தொழுகை நடத்தினார்கள். இறுதிவரை கிறித்தவராகவே வாழ்ந்து, தம் மார்க்கத்தில் ஒரு புள்ளியையும் விட்டுக்கொடுக்காமல், அதே வேளையில் முஸ்லிம்களின் உள்ளங்களில் இடம்பிடித்தோரின் வரலாறு நம் ஏடுகளில் அரிதாகவே எழுதப்படுகின்றது. அல்ஜீரிய நாட்டில் நம் காலத்திலேயே நடந்த அத்தகைய ஒரு வரலாற்றை ஜமாஅத் பெருமக்களின் பார்வைக்கு இங்கே வைக்கின்றேன்.

அல்ஜீரியத் தலைநகரான அல்ஜியர்ஸுக்குத் தெற்கே ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தொலைவில், அட்லஸ் மலைத்தொடரில் மெதீயா என்னும் பழம்பெரும் நகர் உள்ளது. அதனை அடுத்துள்ள சிற்றூர் திப்ஹிரீன். அப்பகுதியின் பெர்பர் மொழியில் இச்சொல்லுக்குத் தோட்டங்கள் என்று பொருள். ட்ராப்பிஸ்ட் எனப்படும் கத்தோலிக்கத் துறவிகள் 1938ஆம் ஆண்டு இங்கு வந்து ஒரு மடாலயத்தை நிறுவினர். இவர்கள் பிரசாரம் செய்யும் சபையினர் அல்லர். வணக்கம், மௌனம், உடலுழைப்பு ஆகிய மூன்றே அவர்களுடைய வாழ்க்கை முறை. இரவின் பிற்பகுதியில் எழுந்து தொடங்கி, ஒரு நாளில் ஏழு வேளை கூடி வணங்குவார்கள். நம்முடைய தஹஜ்ஜுத் வேளையில் அவர்களுடைய விளக்கும் எரிந்துகொண்டிருக்கும்.

அவர்கள் வந்த காலம் நல்ல காலமன்று. 1830இல் அல்ஜீரியாவுக்குள் நுழைந்த பிரெஞ்சுப் படை, அல்ஜியர்ஸின் கத்ஷாவா பள்ளிவாசலைப் பறித்துத் தேவாலயமாக மாற்றியிருந்தது. ஆட்சியாளரின் மார்க்கமும் ஆட்சியும் ஒன்றென்றே மக்கள் கண்டனர். அவ்வாறு காண்பதற்கு அவர்களுக்கு எல்லா நியாயமும் இருந்தது. 1962இல் நாடு விடுதலை பெற்றதும் கத்ஷாவா மீண்டும் பள்ளிவாசல் ஆயிற்று. ஐரோப்பியர்கள் இலட்சக்கணக்கில் கப்பலேறினர். திப்ஹிரீன் துறவிகள் தம் நிலத்தின் பெரும்பகுதியை அரசிடம் விட்டுவிட்டு, உழைத்துண்ணப் போதுமான அளவை மட்டும் வைத்துக்கொண்டு அங்கேயே தங்கினர். ஆளும் இனத்தாரின் பலம் பின்னால் இருந்தபோது அம்மண்ணில் வாழ்வது எளிது. அது போன பின்னும் தங்குகிறவர் விருந்தினராகத்தான் தங்க முடியும். அத்துறவிகள் இதனை நன்குணர்ந்திருந்தனர் என்பதை அவர்களின் பிற்காலச் செயல்கள் காட்டுகின்றன.

அவர்களுள் லூக் என்னும் மருத்துவரை முதலில் கூற வேண்டும். 1914இல் பிரான்சில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரின்போது, கைதியாகப் பிடிபட்டிருந்த குடும்பஸ்தர் ஒருவரை விடுவிப்பதற்காக, அவருக்குப் பதிலாகத் தாமே விரும்பி ஜெர்மானியச் சிறைமுகாமுக்குச் சென்றவர். 1946இல் திப்ஹிரீனுக்கு வந்து மடாலய வாயிலருகே ஒரு மருந்தகம் திறந்தார். அன்று முதல் ஐம்பதாண்டுக் காலம் அவ்வூராரும் மலைக் கிராமத்தாரும் தம் நோய்களுக்கு நாடியது அவரையே. ஏழைகளிடம் கட்டணம் இல்லை. வந்தவர் யார், எக்கட்சி என்ற கேள்வியும் இல்லை. 1959இல் விடுதலைப் போர் உச்சத்தில் இருந்தபோது போராளிகள் அவரைப் பிடித்துச் சென்றனர். அவர் இன்னார் என்று அறிந்துகொண்டதும் சில நாட்களில் விடுவித்துவிட்டனர். பின்னாளில் ஆஸ்த்துமா நோயால் மூச்சு வாங்கிய நிலையிலும் எண்பது வயதைக் கடந்து அந்த மருந்தகத்தில் அவர் அமர்ந்திருந்தார்.

அடுத்தவர் அம்மடாலயத்தின் தலைவராக விளங்கிய கிறிஸ்டியான் டி ஷெர்ஜே. 1937இல் இராணுவக் குடும்பத்தில் பிறந்த இவர், 1959இல் இளம் அதிகாரியாக அல்ஜீரியாவுக்கு அனுப்பப்பட்டார். அங்கே முஹம்மத் என்ற கிராமக் காவலரோடு நட்புக் கொண்டார். பத்துப் பிள்ளைகளின் தந்தையான அம்மனிதர் கல்வியில் பெரியவர் அல்லர். ஆனால் இறையச்சம் மிக்கவர். கிறித்தவர்களுக்குத் தொழத் தெரியவில்லையே என்று அவர் ஒருமுறை வெளிப்படையாகவே சொன்னாராம். ஒரு நாள் வீதியில் இந்தப் பிரெஞ்சு இளைஞரைச் சிலர் தாக்க முற்பட்டபோது, முஹம்மத் குறுக்கே நின்று காப்பாற்றினார். மறுநாள் தம் வீட்டுக் கிணற்றருகே அவர் கொல்லப்பட்டுக் கிடந்தார். தமக்காக ஒரு முஸ்லிம் உயிரைக் கொடுத்தார் என்ற எண்ணம் கிறிஸ்டியானின் வாழ்நாள் முழுவதையும் ஆட்கொண்டது. பாதிரியாராகி, பின்னர் துறவியாகி, 1971இல் அவர் திப்ஹிரீனுக்கே வந்து சேர்ந்தார். ரோம் நகரில் 1972 முதல் ஈராண்டுகள் அரபு மொழியும் இஸ்லாமியக் கல்வியும் பயின்றார். 1984இல் மடாலயத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

அவர் திருக்குர்ஆனைப் பணிவோடு ஓதினார். பல ஆண்டுகள் அதில் ஆழ்ந்து சிந்தித்தார். ஆனால் முஸ்லிமாகவில்லை. முஸ்லிம்களை மகிழ்விப்பதற்காகத் தம் கொள்கையை மறைக்கவும் இல்லை. ஈஸா (அலை) அவர்களைப் பற்றிய நம் அகீதாவும் அவர்களுடைய கொள்கையும் எங்கே பிரிகின்றன என்பதை இரு தரப்பாரும் அறிந்தே பழகினர். இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வேறுபாட்டை மூடி மறைத்து, எல்லாம் ஒன்றே என்று பேசிக்கொள்வதைச் சிலர் நல்லிணக்கம் என்கின்றனர். அத்தகைய பேச்சில் உறவு நீடிப்பதை நாம் கண்டதில்லை. மேடை கலைந்ததும் அதுவும் கலைந்துவிடும். திப்ஹிரீனில் நடந்தது வேறு வகை.

1979இல் கிறிஸ்டியானும் வேறு சில கிறித்தவர்களும் சேர்ந்து ஒரு சிறு வட்டத்தை அமைத்தனர். ‘ரிபாத்துஸ் ஸலாம்’ என்று அதற்கு அரபியிலேயே பெயரிட்டனர். ரிபாத் என்றால் எல்லைக் காவல் நிலை என்று நாம் அறிவோம். பிணைப்பு என்ற பொருளும் அம்மூலச் சொல்லுக்கு உண்டு. அடுத்த ஆண்டே மெதீயாவைச் சேர்ந்த அலவிய்யா தரீக்காவின் சூஃபி முரீதுகள் இவ்வட்டத்தோடு இணைந்தனர். அகீதா விவாதங்களில் இறங்கினால் இரு பக்கமும் மதில்கள் எழும்பும், எனவே அதனை விடுத்து அவரவர் வழியில் இறைவனை நினைவுகூர்ந்தவாறு அமர்வோம் என்பதே அந்த முரீதுகள் வைத்த நிபந்தனை. ஆண்டுக்கு இருமுறை கூடினர். தவக்குல், ஸப்ர், ஷுக்ர் போன்ற ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, அடுத்த சந்திப்பு வரை அவரவர் அதனைத் தம் வாழ்வில் எண்ணிப் பார்த்து வருவதே வழக்கம். சேர்ந்து அமர்ந்து திக்ரு செய்வது பற்றி நம் உலமாக்களிடையே கருத்து வேறுபாடுகள் உண்டு. அதனை இங்கே நான் எடுத்து விவாதிக்கவில்லை. நடந்ததை மட்டும் கூறுகின்றேன்.

ஊராருடனான உறவு இதைவிட எளிமையானது. மடாலயத் தோட்டத்தில் ஊர்க் குடும்பத்தாரும் துறவிகளும் கூட்டாகப் பயிரிட்டு விளைச்சலைப் பகிர்ந்துகொண்டனர். ஊரில் பள்ளிவாசல் இல்லாதிருந்தபோது, மடாலய வளாகத்துக்குள்ளேயே ஒரு மண்டபத்தைத் துறவிகள் தொழுகைக்காகக் கொடுத்தனர். ஒரே மதிலுக்குள் ஒரு பக்கம் பாங்கோசையும் மறுபக்கம் மணியோசையும் எழுந்தன. இதைப் படிக்கும்போது நஜ்ரான் கிறித்தவர்களின் நிகழ்ச்சி நினைவுக்கு வராமல் போகாது. அறுபது பேர் கொண்ட அத்தூதுக்குழு மதீனாவுக்கு வந்தபோது அவர்களுடைய வணக்க நேரம் வந்தது. பெருமானார் (ஸல்) அவர்களின் பள்ளிவாசலிலேயே கிழக்கு நோக்கி வணங்க அவர்கள் அனுமதிக்கப்பட்டதாக இப்னு இஸ்ஹாக் (ரஹ்) தம் ஸீராவில் பதிவு செய்துள்ளார். கொள்கை விவாதம் நடந்தது. முபாஹலாவுக்கான அழைப்பும் விடுக்கப்பட்டது. இறுதியில் அவர்கள் கிறித்தவர்களாகவே உடன்படிக்கை செய்துகொண்டு ஊர் திரும்பினர்.

திப்ஹிரீன் கிணற்றைப் பற்றிய ஒரு செய்தியை கிறிஸ்டியானே எழுதிவைத்திருக்கிறார். ஆன்மிகம் பேசுவதற்காக அவரிடம் அடிக்கடி வந்துகொண்டிருந்த பக்கத்து வீட்டு முஸ்லிம் இளைஞர், அந்தச் சந்திப்பைக் கிணறு தோண்டுதல் என்று குறிப்பிடுவாராம். இருவரும் சேர்ந்து தோண்டும் அக்கிணற்றின் அடியில் கிடைக்கப்போவது முஸ்லிம் தண்ணீரா, கிறித்தவத் தண்ணீரா என்று கிறிஸ்டியான் விளையாட்டாகக் கேட்டார். இவ்வளவு நாள் கூடவே நடந்து வந்தும் இப்படிக் கேட்கிறீரே, அது இறைவனின் தண்ணீர் அல்லவா என்று அந்த இளைஞர் சிரித்தவாறு பதிலளித்தார்.

இனி வருவது துயரமான பகுதி. 1991 டிசம்பரில் நடந்த தேர்தலின் முதற்சுற்றில் இஸ்லாமிய மீட்பு முன்னணி பெரும் வெற்றி பெற்றது. 1992 ஜனவரியில் இராணுவம் அத்தேர்தலை இரத்து செய்தது. மக்கள் அளித்த தீர்ப்பைப் பறித்த அந்த அநீதியிலிருந்தே நாட்டில் இரத்தம் ஓடத் தொடங்கியது. ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அப்பத்தாண்டில் மாண்டனர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் முஸ்லிம்கள். ஜி.ஐ.ஏ. எனப்பட்ட ஆயுதக் குழு, வெளிநாட்டவர் அனைவரும் 1993 நவம்பர் முடிவதற்குள் வெளியேற வேண்டுமென்று கெடு விதித்தது. டிசம்பர் 14 அன்று, மடாலயத்துக்குச் சில மைல் தொலைவில் கட்டுமானப் பணியிலிருந்த குரோஷியத் தொழிலாளர் 12 பேர் கழுத்தறுத்துக் கொல்லப்பட்டனர். அவர்கள் துறவிகளுக்கு அறிமுகமானவர்கள்.

அதே மாதம் 24ஆம் நாள் இரவு, அப்பகுதித் தளபதி ஸையாஹ் அத்திய்யா ஆயுதந்தாங்கியவர்களோடு மடாலயத்துக்குள் நுழைந்தார். அது அமைதியின் இல்லம், அதற்குள் ஆயுதத்தோடு எவரும் வந்ததில்லை, பேச வேண்டுமானால் வெளியே வாருங்கள் என்று கிறிஸ்டியான் அவரை வாயிலுக்கு வெளியே அழைத்துச் சென்றார். காயம்பட்டவர்களுக்குச் சிகிச்சையளிக்க மருத்துவரை மலைக்கு அனுப்ப வேண்டும், மருந்து வேண்டும், பணம் வேண்டும் என்பவை அத்திய்யாவின் கோரிக்கைகள். மருத்துவர் முதியவர், நோயாளி, மலையேற இயலாது; ஆனால் மருந்தகத்துக்கு வரும் எந்த நோயாளியையும் அவர் பார்ப்பார். மருந்து வருகிற நோயாளிகளுக்கு உரியது. நாங்கள் பணக்காரர்கள் அல்லர். இவ்வாறு மூன்றுக்கும் பதில் கூறிய கிறிஸ்டியான், இன்றிரவு எங்களுக்கு ஈஸாவின் பிறப்பைக் கொண்டாடும் இரவு என்றும் சொன்னார். தமக்கு அது தெரியாதென்று அத்திய்யா வருத்தம் தெரிவித்துவிட்டு, எவரையும் தீண்டாமல் திரும்பிப் போனார்.

அதன் பின் போவதா, இருப்பதா என்ற கேள்வி எழுந்தது. தலைவர் தனியே முடிவெடுப்பதைச் சகோதரர்கள் ஏற்கவில்லை. பலமுறை கூடிப் பேசினர். அஞ்சியவர் தம் அச்சத்தை ஒளிக்கவில்லை. அரசு ஆயுதக் காவல் தர முன்வந்தது, அதை மறுத்துவிட்டனர். காவல் வீரர் வாயிலில் நின்றால் ஒரு தரப்பைச் சேர்ந்தவர் ஆகிவிடுவோம், ஊரார் நம்மிடம் வர அஞ்சுவார்கள் என்பது அவர்கள் நிலை. ஊரார் தப்பிச் செல்ல வழியற்றவர்கள். நோயும் பஞ்சமும் குண்டும் அவர்களுக்கு ஒன்றாகவே வந்தன. இத்தனை காலம் பக்கத்தில் வாழ்ந்துவிட்டு, ஆபத்து வந்ததும் கடவுச்சீட்டைக் காட்டி விமானம் ஏறுவது எப்படி என்ற கேள்விக்கு அவர்களால் பதில் காண முடியவில்லை. இறுதியில் தங்குவதென்று அனைவரும் ஒருமனதாக முடிவெடுத்தனர்.

அந்நாட்களில் கிறிஸ்டியான் ஒரு வஸிய்யத் எழுதினார். 1993 டிசம்பர் 1இல் தொடங்கி 1994 ஜனவரி 1இல் முடித்தது. தாம் கொல்லப்பட நேர்ந்தால் அதற்காக அல்ஜீரிய மக்களையும் இஸ்லாத்தையும் எவரும் பழிக்கக் கூடாது, தீவிரவாதிகளின் செயலை வைத்து ஒரு மார்க்கத்தை எடைபோடுவது எளிதான சோம்பேறித்தனம் என்ற கருத்தை அதில் வலியுறுத்தியிருந்தார். தம்மைக் கொல்லப்போகிறவனையும் நண்பனென்றே விளித்து, அவனுக்காகவும் இறைஞ்சியிருந்தார்.

1996 மார்ச் 26-க்கும் 27-க்கும் இடைப்பட்ட இரவில் ஆயுதக் கும்பல் ஒன்று மடாலயத்துக்குள் புகுந்து ஏழு துறவிகளைக் கடத்திச் சென்றது. கிறிஸ்டியான், எண்பத்திரண்டு வயது லூக், கிறிஸ்டோஃப், மிஷெல், செலஸ்தன், போல், மொரோக்கோவிலிருந்து வந்து தங்கியிருந்த ப்ரூனோ ஆகியோர் அவர்கள். வேறு அறைகளில் இருந்த அமதே, ஜான் பியேர் இருவரும் கண்ணில் படாமல் தப்பினர். ஏப்ரலில் ஜி.ஐ.ஏ.வின் தலைவர் ஜமால் ஸைத்தூனியின் பெயரில் வெளியான 43ஆம் அறிக்கைதான் ஆலிம்கள் கூர்ந்து படிக்க வேண்டியது. துறவிகளைக் கொல்லலாகாது என்ற சட்டம் மக்களை விட்டு ஒதுங்கி வாழ்வோருக்கு மட்டுமே உரியது, இவர்களோ மக்களோடு கலந்து பழகி அவர்களை மார்க்கத்திலிருந்து திருப்புகிறார்கள், எனவே இவர்களைக் கொல்வது ஆகும் என்பது அதன் வாதம்.

இந்த வாதத்தை நிறுத்திப் பார்க்க வேண்டும். ஷாம் நாட்டுக்குப் படை அனுப்பியபோது கலீஃபா அபூபக்ர் (ரழி) அவர்கள் தளபதி யஸீத் இப்னு அபீ ஸுஃப்யான் (ரழி) அவர்களுக்குச் செய்த உபதேசத்தை இமாம் மாலிக் (ரஹ்) தம் முவத்தாவில் பதிந்துள்ளார். இறைவனுக்காகத் தம்மை அர்ப்பணித்ததாகக் கூறும் மனிதர்களைக் காண்பீர், அவர்களை அவர்கள் நிலையிலேயே விட்டுவிடும் என்பது அதன் கருத்து. பெண்கள், சிறுவர், முதியோர் ஆகியோரைக் கொல்லலாகாது, காய்க்கும் மரத்தை வெட்டலாகாது என்ற தடைகளும் அதே உபதேசத்தில் உள்ளன. அல்ஜீரியர்கள் மாலிக்கி மத்ஹபினர் என்பதால் இது அவர்களுக்கு அந்நியமான நூலன்று. பிற்கால ஃபுகஹாக்கள் துறவியைப் பற்றிப் பேசும்போது ஒதுங்கியிருத்தல் என்ற நிபந்தனையைக் கூறியிருப்பது உண்மையே; விவரங்களில் மத்ஹபுகள் வேறுபடுவதும் உண்மையே. ஆனால் அது போர்க்களத்தின் சட்டம். எதிரிப் படைக்கு யோசனை சொல்லிக் கொடுப்பவர் துறவி வேடத்தில் தப்பிவிடக் கூடாது என்பதே அதன் நோக்கம். முஸ்லிம் நாட்டில் அனுமதியோடு குடியிருந்து, முஸ்லிம் குழந்தையின் காய்ச்சலுக்கு மருந்து கொடுத்தவரை அந்தச் சட்டத்தில் கொண்டுவந்து நிறுத்துவது எந்தக் கிதாபிலும் இல்லாதது. அம்மருத்துவர் ஐம்பதாண்டில் எவரை மார்க்கத்திலிருந்து திருப்பினார்? அடைக்கலம் பெற்ற முஆஹிதைக் கொன்றவன் சுவனத்தின் வாடையைக்கூட நுகரமாட்டான் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் எச்சரித்த ஹதீஸ் ஸஹீஹுல் புகாரியில் உள்ளது. அன்போடு அண்டை வீட்டாராக வாழ்ந்ததையே குற்றப் பத்திரிகையில் முதற்குற்றமாக எழுதிய அந்த அறிக்கை, அரபு வாசகங்களைத் தாங்கியிருந்தாலும் இல்மைத் தாங்கியிருக்கவில்லை.

மே 21 அன்று துறவிகளைக் கொன்றுவிட்டதாக அக்குழு அறிவித்தது. மே 30 அன்று மெதீயா அருகே அவர்களுடைய தலைகள் மட்டுமே கிடைத்தன. கொலை நடந்த விதம் பற்றியும், இராணுவத்தின் பங்கு பற்றியும் எழுந்த ஐயங்களைப் பிரெஞ்சு நீதித்துறை பின்னாளில் விசாரித்தது. அவ்விவாதம் முடிவுக்கு வரவில்லை. ஜூன் 4 அன்று திப்ஹிரீன் தோட்டத்திலேயே அவர்கள் அடக்கம் செய்யப்பட்டனர்.

இரண்டு மாதங்களில், ஆகஸ்ட் 1 அன்று, வஹ்ரான் நகரத்தின் ஆயர் பியேர் கிளாவெரி வெடிகுண்டுக்கு இரையானார். அவர் அல்ஜியர்ஸில் பிறந்து வளர்ந்தவர். ஆனால் குடியேற்றக்காரர்களின் உலகத்துக்குள்ளேயே வளர்ந்ததால், பக்கத்திலிருந்த முஸ்லிம்களைத் தாம் காணவே இல்லை என்று வளர்ந்த பிறகு உணர்ந்து, அரபு கற்று, அம்மக்களோடு வாழத் திரும்பி வந்தவர். அவரோடு அதே குண்டில் மாண்டவர் அவருடைய வாகன ஓட்டி முஹம்மத் பூஷீகி. வயது இருபத்தொன்றுதான். ஆயரோடு இருப்பது உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தே அவர் பணியில் இருந்தார். அவருடைய குறிப்பேட்டில் பிஸ்மில்லாஹ்வோடு தொடங்கி, தாம் அறிந்த யாவரிடமும் மன்னிப்புக் கோரி, நன்றி கூறி எழுதிய பக்கம் கண்டெடுக்கப்பட்டது. கிறிஸ்டியானின் வஸிய்யத்தை உலகம் பல மொழிகளில் படித்தது. இந்த முஸ்லிம் வாலிபரின் வஸிய்யத்தை நம்மவர்களே அறியவில்லை.

இதே அல்ஜீரிய மண்ணின் மைந்தர் அமீர் அப்துல் காதிர், 1860இல் டமாஸ்கஸ் கலவரத்தின்போது தம் ஆட்களோடு வீதியில் இறங்கி ஆயிரக்கணக்கான கிறித்தவர்களைத் தம் இல்லத்தில் வைத்துக் காத்தார். பிரான்சோடு பதினைந்து ஆண்டுகள் போரிட்டுச் சிறையும் கண்டவர் அவர். 1990-களிலும் அம்மரபு அறுந்துவிடவில்லை. கொலைகளுக்கு ஃபத்வா தர மறுத்ததற்காகவும், மிம்பரில் அவற்றைக் கண்டித்ததற்காகவும் நூற்றுக்கும் மேற்பட்ட இமாம்கள் அல்ஜீரியாவில் கொல்லப்பட்டனர். கத்தோலிக்கத் திருச்சபை 2018 டிசம்பர் 8 அன்று வஹ்ரானில் திப்ஹிரீன் துறவிகள் எழுவர், கிளாவெரி உள்ளிட்ட 19 பேரைத் தன் சிறப்புக்குரியோராக அறிவித்தது. அன்று அவர்களுடைய குடும்பத்தார் நகரின் அப்துல் ஹமீத் இப்னு பாதீஸ் பெரிய பள்ளிவாசலில் வரவேற்கப்பட்டனர். கொல்லப்பட்ட இமாம்களும் அவ்வேளையில் நினைவுகூரப்பட்டனர்.

தப்பிய இருவரில் அமதே 2008இல் மறைந்தார். ஜான் பியேர் மொரோக்கோவின் மிதெல்த் நகரிலுள்ள சிறு மடாலயத்துக்குச் சென்று, மீண்டும் முஸ்லிம் அண்டை வீட்டாரிடையே பல ஆண்டுகள் வாழ்ந்து, 2021 நவம்பர் 21 அன்று தமது 97ஆம் வயதில் காலமானார். திப்ஹிரீன் தோட்டம் தரிசாக விடப்படவில்லை. துறவிகளோடு வேலை செய்த ஊராரே ஒரு பாதிரியாரோடு சேர்ந்து அதனைப் பல ஆண்டுகள் பயிரிட்டு வந்தனர். 2016 முதல் வேறொரு கிறித்தவக் குழுவினர் அங்கே குடியிருக்கின்றனர். ஏழு கல்லறைகளையும் காண அங்கு வருவோரில் பெரும்பாலோர் அல்ஜீரிய முஸ்லிம்கள். லூக்கின் கையால் மருந்து வாங்கியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அவர்களுள் உண்டு.